8 ஜிபி ரேம் போட்டதிலிருந்து நீலத்திரை: ஸ்லாட்டா, ரேமா?

வணக்கம். 2020ல் வாங்கிய லேப்டாப், ஐ5 10210யு, விண்டோஸ் 10. போர்டிலேயே சால்டர் செய்த 4 ஜிபி டிடிஆர்4 ரேம் (வேகம் 2666), கூடவே ஒரே ஒரு காலி ஸ்லாட். மூன்று வாரம் முன்பு அதில் 8 ஜிபி டிடிஆர்4 3200 போட்டேன். (முதலில் டிடிஆர்3 வாங்கி வந்து, வெட்டு இடம் மாறி உட்காராமல் அசடு வழிந்தது தனிக்கதை.)

12 ஜிபி சரியாகக் காட்டுகிறது, வேகம் 2666. ஆனால் குரோமில் இருபது டேப் திறந்தாலோ, ஸ்லீப்பிலிருந்து எழுப்பினாலோ நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது, 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற பிழையோடு. ரேமைக் கழற்றினால் நாள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை, ஆமை வேகம்தான்.

ரப்பரால் தங்க முனைகளைத் துடைத்து மாட்டினேன். பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓடியது: ஏழாவது சோதனையில் 14 பிழை, எல்லாமே 8 ஜிபிக்கு மேலான நினைவக முகவரிகளில். இதே ரேமை நண்பரின் லேப்டாப்பில் போட்டு நாலு சுற்று ஓட்டினால் ஒரு பிழைகூட இல்லை! அதுதான் குழப்புகிறது. அந்த லேப்டாப்பிலும் ரேம் 2666ல்தான் ஓடுகிறது.

திண்டுக்கல்லில் காட்டிய கடையில் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவுக்கு முன், 2666 ரேம் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்ப்பதில் பலன் உண்டா, இல்லை ஸ்லாட்தான் போய்விட்டதா?