25,000 டாலர் பாண்டு, கவுண்டி ரிஜிஸ்ட்ரேஷன்: காலிஃபோர்னியால ஃபார்ம் டைப் பண்ணிக் குடுக்க இவ்வளவு கெடுபிடி தேவையா?

தேன்மொழி_ஃப்ரீமாண்ட்:
எல்லாருக்கும் வணக்கம். பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாளர் வேலைக்கான சர்ட்டிஃபிகேட் முடிச்சிட்டேன். வக்கீல் ஆஃபீஸ்ல வேலைக்குப் போறதுக்கு பதிலா சொந்தமா டாக்குமெண்ட் வேலை எடுத்துப் பண்ணலாம்னு பாக்கறேன், டைவர்ஸ் பேப்பர், பேர் மாத்தற பெட்டிஷன், லிவிங் ட்ரஸ்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்த ட்ரஸ்ட்ல எழுதி வெக்கறது) இந்த மாதிரி. நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு கோர்ட் ஃபார்ம் பாத்தாலே கை நடுங்குது, வக்கீல்கிட்ட போனா ஆயிரக்கணக்குல கேக்கறாங்க. இந்த வேலைக்கு லீகல் டாக்குமெண்ட் அசிஸ்டெண்ட்னு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிளர்க்கிட்ட ரிஜிஸ்டர் பண்ணணும், நம்மளால யாருக்காவது நஷ்டம் வந்தா ஈடு குடுக்கற உத்தரவாதமா 25,000 டாலருக்கு பாண்டு காட்டணும், ஃபீஸ் 175 டாலர், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும். நான் இருக்கறது அலமீடா கவுண்டி, ஆனா வரப்போற ஆளுங்க பாதிப் பேர் சன்னிவேல் பக்கம், அங்க போய் வேலை செஞ்சா சாண்டா கிளாரா கவுண்டிலயும் தனியா ரிஜிஸ்டர் பண்ணணும். கோர்ட்டே இலவசமா வெச்சிருக்கற ஃபார்ம நிரப்பிக் குடுக்கறதுக்கு எதுக்கு இதெல்லாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காவிரிமைந்தன்:
எதுக்குன்னா வக்கீலுங்க பொழப்புல யாரும் கை வெக்கக் கூடாதுன்னுதான். நான் இத ரொம்ப நாளா சொல்லிட்டு வரேன். 1971ல பெர்க்லில நோலோ பதிப்பகம் ஆரம்பிச்சு, சாதாரண ஆளு தன் கேஸ தானே பாத்துக்கலாம்னு புத்தகம் போட ஆரம்பிச்சதுலேர்ந்தே வக்கீலுங்களுக்கு இது பிடிக்கல. ஃப்ளோரிடால ரோஸ்மேரி ஃபர்மன்னு ஒரு அம்மா, ஜாக்சன்வில்ல செக்ரட்டரி வேலை செஞ்சவங்க, 50 டாலருக்கு ஏழைப் பொம்பளைங்களுக்கு டைவர்ஸ் பேப்பர் தயார் பண்ணிக் குடுத்தாங்க, அதுக்கு அந்த ஊர் சுப்ரீம் கோர்ட் 1984ல ஜெயில் தண்டனையே குடுத்துச்சு, கவர்னர் பாப் கிரஹாம் தலையிட்டுதான் அவங்க உள்ள போகாம தப்பிச்சாங்க. யாராவது அவங்களால நஷ்டப்பட்டேன்னு வந்து நின்னதாலயா தண்டனை? இல்ல, லைசென்ஸ் இல்லாம சட்ட வேலை பாத்தாங்கன்னு பார் அசோசியேஷன், அதாவது வக்கீலுங்க அமைப்பு போட்ட கேஸ். காலிஃபோர்னியா அத கொஞ்சம் நாசூக்கா பண்ணுது, அவ்வளவுதான். தேன்மொழி மேடம் மாதிரி நேர்மையா வரவங்கள வாசல்லயே நிறுத்துது.

ரவி_சாக்ரமெண்டோ:
நான் ரிஜிஸ்டர் பண்ணி இந்த வேலைய பாத்துட்டு இருக்கறவன். முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும், தங்கச்சி 25,000 டாலரக் கையிலேர்ந்து கட்ட வேண்டியதில்ல. ஷூரிட்டி கம்பெனிக்கு, அதாவது உங்களுக்காக ஜாமீன் நிக்கற கம்பெனிக்கு, அதுல ஒரு சின்னப் பங்கு பிரீமியமா கட்டினா அவங்க பாண்டு குடுப்பாங்க, உங்க கிரெடிட் எப்படி இருக்குன்னு பாத்து தொகை மாறும். ஆனா இத இன்ஷூரன்ஸ்னு நினைச்சுக்காதீங்க, நிறைய பேர் அங்கதான் குழம்பறாங்க. நீங்க ஏமாத்திட்டீங்கன்னோ காசு வாங்கிட்டு வேலை முடிக்கலைன்னோ ஒருத்தர் நிரூபிச்சா ஷூரிட்டி கம்பெனி அவருக்குக் காசு குடுத்துட்டு, அந்தக் காச திரும்ப உங்ககிட்டயே வசூல் பண்ணும். பாண்டு உங்களக் காப்பாத்தறதுக்கு இல்ல, உங்ககிட்ட வரவங்களக் காப்பாத்தறதுக்கு.

தகுதி விஷயத்துல உங்களுக்குப் பிரச்சனை இருக்காது, பாராலீகல் சர்ட்டிஃபிகேட்டே ஒரு வழி. ஆனா சர்ட்டிஃபிகேட் குடுத்த இடம் சட்டம் கேக்கற அங்கீகாரம் உள்ளதான்னு ஒரு தடவ பாத்துக்குங்க. ஹைஸ்கூல் முடிச்சவங்களுக்கு வக்கீல்கிட்ட ரெண்டு வருஷ அனுபவம், டிகிரி இருந்தா ஒரு வருஷம், அப்படி வேற வழிகளும் இருக்கு. அப்புறம் ஒவ்வொரு ரெண்டு வருஷத்துலயும் 15 மணி நேரம் கிளாஸ் போகணும்.

நிலா_அம்மா:
காவிரிமைந்தன் தம்பி, நீங்க வக்கீலுங்கள மட்டும்தான் பாக்கறீங்க, எதிர்ல உக்காந்து காசு குடுக்கறவங்கள பாக்க மாட்டேங்கறீங்க. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, தனியா குழந்தைய வெச்சிட்டு அபார்ட்மெண்ட்ல இருந்தா, வாடகைப் பிரச்சனைல ஓனர் வெளியேத்தச் சொல்லி கேஸ் போட்டுட்டாரு. தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர் வந்தாரு, நான் எல்லாம் பாத்துக்கறேன்னு 600 டாலர் வாங்கிட்டாரு, பதில் மனு போட்டாச்சு பயப்படாதீங்கன்னு ஃபோன்லயே சொல்லிட்டு இருந்தாரு. அவரு போடவே இல்ல. அப்பல்லாம் பதில் குடுக்க 5 கோர்ட் நாள்தான், 2025லேர்ந்துதான் 10 நாளா ஆக்கியிருக்காங்க. நாள் தாண்டிடுச்சு, இவ இல்லாமலே தீர்ப்பு வந்துடுச்சு, ஷெரிஃப் கதவுல பேப்பர் ஒட்டிட்டுப் போயிட்டாரு. குழந்தை ஸ்கூல் மாறிச்சு, அந்தத் தீர்ப்பால வேற வீடு கிடைக்கறதே பெரும்பாடாயிடுச்சு. அந்த ஆளோட முழுப் பேரே எங்களுக்குத் தெரியல, ஃபோன் நம்பர் மட்டும்தான் இருந்துச்சு, அதுவும் கொஞ்ச நாள்ல ஆஃப். டைப் பண்றதுதானேன்னு சொல்லாதீங்க, ஒரு ஃபார்ம் ஒரு நாள் லேட்டானா வீடு போயிடும்.

காவிரிமைந்தன்:
கேக்கவே வருத்தமா இருக்கு அம்மா, உண்மையா சொல்றேன். ஆனா நீங்க சொன்னதுலயே என் கேள்வியும் இருக்கு. அந்த ஆளு ரிஜிஸ்டர் பண்ணலைல்ல? சட்டம் அன்னைக்கும் இருந்துச்சு, டாக்குமெண்ட் அசிஸ்டெண்ட் விதியே 2000 ஜனவரிலேர்ந்து நடைமுறைல இருக்கு, குடியிருக்கறவங்கள வெளியேத்தற கேஸுக்கு அன்லாஃபுல் டிட்டெய்னர் அசிஸ்டெண்ட்னு தனி ரிஜிஸ்ட்ரேஷனே இருக்கு, அதுக்கும் பாண்டு உண்டு. இவ்வளவு இருந்தும் அவரத் தடுக்கல. ஏமாத்தறவன் கிளர்க் ஆஃபீஸ் பக்கமே போக மாட்டான், நேர்மையானவங்கதான் வரிசைல நின்னு ஃபீஸ் கட்டுவாங்க, அந்தச் செலவ கஸ்டமர் தலைலதான் வெக்க வேண்டி வரும். விதியால யாருக்கு லாபம்?

நிலா_அம்மா:
விதி இல்லைன்னா அவரு பண்ணது வெறும் காசுத் தகராறு. விதி இருக்கறதாலதான் ரிஜிஸ்டர் பண்ணாம காசுக்கு செஞ்சதே குற்றம், ஒவ்வொரு கிளையண்டுக்கும் 1,000லேர்ந்து 2,000 டாலர் வரைக்கும் அபராதம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். ஏமாத்தினாருன்னு மனசுல இருந்தத நிரூபிக்கறது கஷ்டம், ரிஜிஸ்டர்ல பேர் இல்லைன்னு காட்டறதுக்கு ஒரு நிமிஷம் போதும். எங்களுக்கு அப்ப இது தெரியல, யாரும் சொல்லல, அதான் என் ஆத்திரம். நம்ம சங்கத்துல பொங்கல் விழா நோட்டீஸ் எத்தன தடவ அனுப்பறாங்க, காசு குடுக்கறதுக்கு முன்னாடி ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேளுங்கன்னு ஒரு வரி போட்டா என்ன?

யாழ்_ஸ்கார்பரோ:
இஞ்ச ஒன்டாரியோவில 2007ல இருந்து பாராலீகல்மாருக்கு லோ சொசைட்டிதான், வக்கீல்மாரையும் கண்காணிக்கிற அமைப்பு, லைசென்ஸ் குடுக்குது. படிப்பு, சோதனை, நன்னடத்தை விசாரணை எல்லாம் இருக்கு. ஆனா அதுக்குப் பதிலா அவையளுக்கு உரிமையும் கூட, ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில, டிராஃபிக் வழக்கில, வாடகைத் தீர்ப்பாயத்தில கிளையண்டுக்காக நிண்டு கதைக்கலாம், சட்ட ஆலோசனையும் சொல்லலாம். இன்ஷூரன்ஸ் கட்டாயம், ஒரு கிளெய்முக்கு குறைஞ்சது 10 லட்சம் டாலர். எங்கட ஆக்கள் கனபேர் இஞ்ச தமிழிலயே இந்தத் தொழில் செய்யினம், பிழை விட்டா லோ சொசைட்டியில முறைப்பாடு குடுக்கலாம், லைசென்ஸ் போகும். உங்கட காலிஃபோர்னியாவில கிளர்க்கிட்டப் பதிஞ்ச ஆளை யார் கண்காணிக்கினம்? அதைத்தான் விளங்கிக்கொள்ள ஏலாம கிடக்கு.

ரவி_சாக்ரமெண்டோ:
யாழ் அண்ணா சரியான இடத்துலதான் கேக்கறீங்க. யாரும் கண்காணிக்கறது இல்ல. கிளர்க் பேப்பர வாங்கி, பாண்டப் பதிவு பண்ணி, நம்பர் குடுப்பாரு, அதோட சரி. இவரோட அறிவையோ அனுபவத்தையோ வேலைத் தரத்தையோ கவுண்டி கிளர்க் சோதிச்சுப் பாக்கலைன்னு மக்களுக்கு எழுத்துல தெரியப்படுத்தணும்னு சட்டமே சொல்லுது. எக்ஸாம் கிடையாது, போர்டு கிடையாது. ரிஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிஃபிகேட்ட சுவத்துல மாட்டியிருக்கறதப் பாத்துட்டு கவர்ன்மெண்ட் ஒத்துக்கிட்ட ஆளுன்னு ஜனங்க நம்பறாங்க, அது எனக்கே உறுத்தலா இருக்கும், வரவங்ககிட்ட நானே அந்த வாக்கியத்த விரல் வெச்சுக் காட்டுவேன்.

அதே நேரம் இந்த வேலைல கஷ்டமான இடம் எதுன்னா ஃபார்ம் நிரப்பறது இல்ல, வாய மூடிட்டு இருக்கறது. நாங்க சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. எந்த ஃபார்ம் வேணும், எந்தக் கட்டத்துல டிக் போடணும்னு கிளையண்ட்தான் முடிவு பண்ணணும், நாங்க அவங்க சொன்னத எழுதணும், வக்கீல் எழுதின இல்ல ஒத்துக்கிட்ட அச்சடிச்ச விளக்கத்தக் கையில குடுக்கலாம், கோர்ட்ல கொண்டு போய் ஃபைல் பண்ணலாம். போன மாசம் ஒரு அம்மா, குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கற கட்டத்துக்கு வந்ததும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, தம்பி உனக்கு விவரம் தெரியும், நீயே ஒண்ணு போடு, நான் கையெழுத்துப் போடறேன்னு அழுதாங்க. போட முடியாது. கோர்ட்லயே இலவசமா செல்ஃப் ஹெல்ப் சென்டர் இருக்கு, அங்க வக்கீல் இருப்பாருன்னு சொல்லி அனுப்பிட்டு மறுநாள் வரச் சொன்னேன். தேன்மொழி தங்கச்சி, தமிழ்ல பேசும்போது இது இன்னும் கஷ்டம், நம்மள அக்கா அண்ணான்னு கூப்பிட்டுட்டு முடிவ நம்ம கையில குடுத்துடுவாங்க.

தேன்மொழி_ஃப்ரீமாண்ட்:
ரவி அண்ணா, இத யாரும் எனக்கு இவ்வளவு தெளிவா சொல்லல, ரொம்ப நன்றி. ஆனா அப்படின்னா காவிரிமைந்தன் சார் கேக்கறதுலயும் ஞாயம் இருக்கே, ஆலோசனையும் சொல்லக் கூடாது, யாரும் கண்காணிக்கவும் மாட்டாங்க, ஆனா பாண்டு மட்டும் வேணும்னா? கோயில்ல ஒரு மாமா எல்லாருக்கும் சும்மா ஃபார்ம் நிரப்பிக் குடுக்கறாரு, அவருக்கு ஒண்ணும் வேணாமா?

ரவி_சாக்ரமெண்டோ:
காசு வாங்கலைன்னா இந்த ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம், கூலிக்குப் பண்றவங்களுக்குத்தான் அது. ஆனா சும்மா பண்ணாலும் சட்ட ஆலோசனை சொல்ல ஆரம்பிச்சா அது வேற பிரச்சனை. இமிக்ரேஷன் ஃபார்மா இருந்தா இன்னும் உஷாரா இருக்கச் சொல்லுங்க. காசு வாங்கி இமிக்ரேஷன் ஃபார்ம் வேலை செய்யறவங்க தனி வகை, அவங்க மாநில அரசோட செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்கிட்ட 1,00,000 டாலர் பாண்டு போடணும், முன்னாடி 50,000ஆ இருந்தத ஏத்திட்டாங்க.

காவிரிமைந்தன்:
பாத்தீங்களா, கோர்ட் சம்மன கொண்டு போய்க் குடுக்கற ப்ராசஸ் சர்வருக்கு 2,000 டாலர் பாண்டு, கேஸ் பேப்பர் காப்பி எடுக்கற ஃபோட்டோகாப்பியருக்கு 5,000, நோட்டரிக்கு 15,000, டாக்குமெண்ட் அசிஸ்டெண்டுக்கு 25,000, இமிக்ரேஷனுக்கு 1,00,000. ஒரு ஆளோட தப்பால எவ்வளவு நஷ்டம் வரும்னு கணக்குப் போட்டு வெச்ச மாதிரியா இருக்கு? வீடு போனவங்களுக்கு 25,000 எந்த மூலைக்கு? அதுவும் ஒரே ஆளு பத்து பேர ஏமாத்தினா அந்த 25,000ஐத்தான் பத்து பேரும் பிரிச்சுக்கணும். ஒண்ணு ஒன்டாரியோ மாதிரி பரீட்சை வெச்சு, கண்காணிச்சு, கோர்ட்ல பேசவும் விடுங்க. இல்ல சும்மா விடுங்க. காலிஃபோர்னியா ஸ்டேட் பார்ல (வக்கீலுங்களுக்கு லைசென்ஸ் விஷயத்தப் பாக்கற அமைப்பு) பாராப்ரொஃபெஷனல்னு அந்த மாதிரி ஒரு திட்டம் வந்துச்சு, 2022ல சட்டசபையே அத நிறுத்தி வெச்சுடுச்சு. வக்கீலுங்க எதிர்ப்பு இல்லாமலா அது நின்னுச்சு?

நிலா_அம்மா:
25,000 பத்தாதுங்கறது நானும் ஒத்துக்கறேன், அப்ப ஏத்தச் சொல்லுங்க, எடுக்கச் சொல்லாதீங்க. பரீட்சையும் வெக்கட்டும், அதையும் சேர்த்துக் கேப்போம். ஆனா அது வர வரைக்கும் சும்மா விடுங்கன்னு சொல்றீங்களே, அந்த இடைல மாட்டறது யாரு? வக்கீலுக்கும் காசில்லாம, இங்கிலீஷும் சரளமா வராம, தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு நம்பிப் போறவங்கதான். எங்க பொண்ணுக்கு 25,000 முழுசா வேணாம், அந்த 600 டாலரும் புது வீட்டுக்கு அட்வான்ஸும் கிடைச்சிருந்தா அந்த மாசம் அவ கார்ல தூங்கியிருக்க மாட்டா.

காவிரிமைந்தன்:
அம்மா, அந்தப் பொண்ணுக்கு நடந்தது அநியாயம், அதுல உங்களோட சண்டை போட எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ரிஜிஸ்டர் பண்ணவங்கள்ல தமிழ் பேசறவங்க எத்தன பேர் இருப்பாங்கன்னு நினைக்கறீங்க? பக்கத்துல ஒருத்தர் இருந்திருந்தா அவ அந்த ஆளுகிட்ட போயிருக்கவே மாட்டா. கவுண்டிக்குக் கவுண்டி தனி ஃபீஸ், தனி அலைச்சல்னு வெச்சா தேன்மொழி மேடம் மாதிரி ஆளுங்க சலிச்சுப் போய் விட்டுடுவாங்க. மாநிலம் முழுக்க ஒரே ரிஜிஸ்ட்ரேஷன்னு ஆக்கினா யாருக்கு என்ன நஷ்டம், அதையாவது சொல்லுங்க.

நிலா_அம்மா:
அதுக்கு நான் எதிர்ப்பு சொல்லவே மாட்டேன். ஒரே லிஸ்ட்டா இருந்தா ஃபோன்லயே தேடிப் பாத்துடலாம், எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் அதுதான் சுலபம். பாண்டு மட்டும் இருக்கணும்.

ரவி_சாக்ரமெண்டோ:
தேன்மொழி, இன்னொண்ணு மறந்துடாதீங்க, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுத்துல காண்ட்ராக்ட் போடணும், கையெழுத்துப் போட்டு 24 மணி நேரத்துக்குள்ள கிளையண்ட் வேணாம்னு ரத்து பண்ணலாம். நீங்க தமிழ்ல பேசி வேலை எடுத்தா காண்ட்ராக்ட் இங்கிலீஷ்லயும் இருக்கணும் தமிழ்லயும் இருக்கணும், மொழிபெயர்க்கறது உங்க பொறுப்பு. அவங்க ஒரிஜினல் டாக்குமெண்ட உங்ககிட்ட வெச்சுக்கவும் கூடாது. விளம்பரத்துல ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், கவுண்டி, முடியற தேதி எல்லாம் வரணும்.

தேன்மொழி_ஃப்ரீமாண்ட்:
சரி அண்ணா. முதல்ல அலமீடால மட்டும் ரிஜிஸ்டர் பண்றேன், சன்னிவேல் ஆளுங்கள ஃப்ரீமாண்டுக்கு வரச் சொல்லிப் பாக்கறேன், ஃபோன்லயோ ஜூம்லயோ பேசினா எந்தக் கவுண்டில வேலை நடந்த கணக்குன்னு கிளர்க் ஆஃபீஸ்லயே கேட்டுட்டு இங்க போடறேன். தமிழ்ல காண்ட்ராக்ட் யாராவது ஏற்கனவே எழுதி வெச்சிருந்தா அனுப்புங்க ப்ளீஸ். இல்லைன்னா நான் எழுதறேன், நிலா அம்மா நீங்க படிச்சுப் பாத்து, உங்க வீட்டுப் பொண்ணுக்கு எந்த வரி புரியாம போகும்னு சொல்லுங்க.