லிங்கன் விடுவித்தாரா, விடுவிக்க வைக்கப்பட்டாரா?

வழிப்போக்கன்:
அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் என்றாலே அடிமைகளை விடுவித்த மகான் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய், வடக்கோடு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு அவர் எழுதிய பதிலைப் படித்துப் பாருங்கள். ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது பிரியாத அமெரிக்காவை, காப்பாற்ற முடிந்தால் அப்படிச் செய்வேன், எல்லோரையும் விடுவித்துத்தான் காப்பாற்ற முடியும் என்றால் அப்படியும் செய்வேன் என்கிறார். இதில் அறம் எங்கே இருக்கிறது? வெறும் கணக்குதான்.

தாமரைக்கண்ணன்:
கடிதத்தின் கடைசி வாக்கியத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? இதுவரை சொன்னது என் பதவிக் கடமை, எல்லா மனிதரும் எங்கும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற என் சொந்த விருப்பம் மாறவில்லை என்றுதான் முடிக்கிறார்.

அதைவிடத் தேதியைப் பாருங்கள். தெற்கின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை ஜூலை 22 அன்றே அமைச்சரவையில் வாசித்துவிட்டார். தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியிட்டால் வேறு வழியில்லாமல் செய்ததாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்று தடுத்தவர் வெளியுறவைக் கவனித்த சீவர்ட். செப்டம்பர் 17ல் ஆன்டீட்டம் சண்டையில் அந்த வெற்றி வந்தது, 22ல் அறிவிப்பு. ஆக, கிரீலிக்கு எழுதும்போது முடிவு எடுத்தாயிற்று. கறுப்பர்களுக்காக நாங்கள் ஏன் சாக வேண்டும் என்று கேட்ட வடக்கத்தி வெள்ளையரைப் பக்குவப்படுத்த எழுதிய கடிதம் அது.

வழிப்போக்கன்:
முடிவு எடுத்துவிட்டவர் ஆகஸ்ட் 14 அன்று என்ன செய்தார் தெரியுமா? கறுப்பினத்தவர் ஐந்து பேரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நீங்கள் இங்கே இல்லாவிட்டால் இந்தப் போரே வந்திருக்காது, பிரிந்து வாழ்வதுதான் இரு தரப்புக்கும் நல்லது, மத்திய அமெரிக்காவுக்குப் போங்கள் என்றார். பிறந்த மண்ணைவிட்டு! அடுத்த வருடம் ஹெய்டியை ஒட்டிய ஒரு தீவுக்குச் சுமார் 450 பேரை அனுப்பினார்கள். பசியிலும் நோயிலும் பலர் செத்தபிறகு, மிஞ்சியவர்களைக் கூட்டிவர 1864ல் கப்பல் அனுப்ப வேண்டியிருந்தது.

அப்புறம் அந்த வாஷிங்டன் சட்டம். 1862 ஏப்ரலில் தலைநகரில் அடிமைமுறை ஒழிந்தது, சரி. இழப்பீடு யாருக்கு? ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை, முதலாளிக்கு! காலமெல்லாம் உழைத்தவனுக்கு ஒன்றும் கிடையாது. நாட்டைவிட்டுப் போகச் சம்மதித்தால் மட்டும் 100 டாலர் வரை.

உப்பாற்றுக்காரி:
இரண்டு பேருமே வெள்ளை மாளிகையைவிட்டு வெளியே வர மாட்டேன் என்கிறீர்கள். 1861 மே மாதம், லிங்கன் வாயே திறக்காத நேரம். பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் இரவில் படகேறி வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தவர்கள். முதலாளியின் ஆள் வந்து கேட்டபோது, எதிரியின் போர்ச் சொத்தைப் பறிமுதல் செய்திருக்கிறேன் என்று ஜெனரல் பட்லர் திருப்பித் தர மறுத்துவிட்டார். அதற்குப்பின் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சட்டம் அவர்களுக்குப் பின்னால் ஓடி வந்தது. கடைசியில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கின் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள்.

தாமரைக்கண்ணன்:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் அந்தக் கோட்டை வாசலைத் திறந்தே வைத்திருக்க வாஷிங்டனில் ஒருவர் வேண்டியிருந்ததே! மிசௌரியில் ஜெனரல் பிரீமாண்ட் 1861லேயே தன்னிச்சையாக விடுதலை அறிவித்தார், லிங்கன் ரத்து செய்தார். கோபம் வரும். ஆனால் அடிமைமுறை இருந்தும் ஒன்றியத்தைவிட்டுப் பிரியாத கென்டக்கி மாநிலம் கைவிட்டுப் போனால் ஆட்டமே போனமாதிரி என்று நண்பர் பிரௌனிங்குக்கு எழுதினார். போர் தோற்றிருந்தால் யாருக்கு விடுதலை?

கணக்கு மட்டும்தான் என்பவர்களுக்கு 1864 ஆகஸ்ட். தேர்தலில் தோற்போம் என்று அவரே எழுதி, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமல் அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கிய மாதம். விடுதலையைக் கைவிட்டால் சமாதானம் வரும், ஓட்டும் வரும் என்று சொந்தக் கட்சியே நெருக்கியது. நமக்காகப் போரிட்ட கறுப்பு வீரர்களை மறுபடி அடிமையாக்கினால் இம்மையிலும் மறுமையிலும் எனக்குக் கதியில்லை என்றார். இது எந்தக் கணக்கு, சொல்லுங்கள்?

வழிப்போக்கன்:
1,80,000 துப்பாக்கியை இழக்க முடியாத கணக்கு. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1876ல், லிங்கன் நினைவுச் சிலைத் திறப்பிலேயே சொன்னார்: அவர் முதன்மையாக வெள்ளையரின் ஜனாதிபதி.

தாமரைக்கண்ணன்:
அதே உரையில், அடிமைமுறை ஒழிப்புவாதியின் இடத்திலிருந்து பார்த்தால் மந்தமானவர், நாட்டின் மனநிலையோடு ஒப்பிட்டால் வேகமானவர், தீவிரமானவர் என்றும் சொன்னார். பாதியை மட்டும் வெட்டி எடுப்பதே உங்கள் வேலையாகப் போயிற்று.

உப்பாற்றுக்காரி:
டக்ளஸை ஆளுக்குப் பாதி பங்கு போட்டாயிற்றா? 1865 ஏப்ரல் 11, லிங்கனின் கடைசிப் பேச்சு. படித்த கறுப்பர்களுக்கும் படைவீரர்களுக்கும் ஓட்டுரிமை தரலாம் என்றார். கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் ஜான் வில்க்ஸ் பூத். மூன்று நாள் கழித்து லிங்கனைச் சுட்டுக் கொன்றவன் அவன்தான்.

வழிப்போக்கன்:
மிச்சப் பேருக்கு?