வேம்பில் ஏறிய சீந்தில், கடையில் வாங்கிய சீந்தில்: இரண்டும் ஒன்றுதானா?

ஆச்சிவீட்டுக்கொடி:
முதுகலைத் தாவரவியல், இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்டுக்குச் சீந்தில் தண்டு எடுத்திருக்கிறேன். ஒன்று ஆச்சி வீட்டு வேப்பமரத்தில் ஏறிக் கிடக்கும் கொடி. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அதில்தான் கஷாயம். இன்னொன்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய காய்ந்த துண்டுகள். இரண்டையும் பொடித்து மெத்தனாலில் ஊறவைத்துச் சோதித்தேன். டிராகன்டார்ஃப் சோதனைக் கரைசலில் இரண்டிலும் ஆரஞ்சு வீழ்படிவு, மேயர் கரைசலில் இரண்டிலும் வெளிர்மஞ்சள் கலங்கல். ஒரே செடி என்று எழுதிவிடலாமா? கடைத் துண்டின் பட்டையில் நிறைய மருக்கள் இருக்கின்றன, அதுதான் உறுத்துகிறது.

தட்டும்தடமும்:
எழுதாதேம்மா. டிராகன்டார்ஃப் ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள தாவர வேதிப்பொருள்) இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எந்தச் செடி என்று சொல்லாது. மரு நிறைய இருந்தால் அதன் நெருங்கிய உறவுச் செடியான டினோஸ்போரா கிறிஸ்பாவோ என்று சந்தேகப்படலாம். சீந்திலையும் அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று 2022 பிப்ரவரியில் ஆயுஷ் அமைச்சகமே அறிவுறுத்தியது. ஆனால் காய்ந்த சீந்திலிலும் பட்டைத்துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கண்ணை மட்டும் நம்பாதே.

ஹெச்பிடிஎல்சி போடு. தட்டில் ஒவ்வொரு மாதிரியும் ஒரு தடமாக ஓடி, அதிலுள்ள பொருள்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும் சோதனை அது. இரண்டு மாதிரியையும் ஒரே எடை, ஒரே அளவு மெத்தனாலில் எடுத்துக்கொள். பெயர் உறுதியான சீந்தில் ஒன்றும் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டும் அதே தட்டில் இருக்க வேண்டும். 254, 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் படம் எடு. பெர்பெரின் 366-இல் பளிச்சென்று மஞ்சளாக ஒளிரும். அதைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடாதே, மரமஞ்சளிலும் பெர்பெரின் உண்டு. பிறகு அனிசால்டிஹைடு, கந்தக அமிலக் கலவை தெளித்து 105 டிகிரியில் சூடாக்கு. டெர்பீன் என்ற தாவரச் சேர்ம வகைகள் அப்போதுதான் நிறம் காட்டும். ஒரு பட்டையை வைத்து அல்ல, முழு வரிசையையும் வைத்துத்தான் கைரேகை.

மூலிகைத்தாத்தா:
ஒரு வார்த்தை, பேத்தி. சீந்தில் சர்க்கரையைச் சேர்த்துச் சோதித்துவிடாதே. பச்சைத் தண்டை இடித்து நீரில் கரைத்து, தெளிந்த நீரை இறுத்துவிட்டு அடியில் தங்குவதைக் காயவைப்பது அது. பெரும்பாலும் மாவுச்சத்துதான், அயோடின் விட்டால் நீலமாகும். கசப்பெல்லாம் இறுத்த நீரோடு போயிருக்கும். தண்டின் தடத்தோடு அது ஒத்துவராது.

ஆச்சிவீட்டுக்கொடி:
அக்கா, தாத்தா, தட்டு போட்டுவிட்டேன். துறைத் தோட்டத்தில் பெயர்ப்பலகையோடு நிற்கும் சீந்திலையும் சேர்த்து மூன்று தடம். 366-இல் மூன்றிலும் மஞ்சள். அப்போது சந்தோஷப்பட்டேன். தெளித்துச் சூடாக்கியதும் கடைத் தடத்தின் நடுவில் தடித்த பட்டை ஒன்று வந்தது, மற்ற இரண்டிலும் அது இல்லை. மூன்று முறை போட்டும் அப்படியேதான். ஆச்சி கொடியும் தோட்டத்துக் கொடியும் பட்டைக்குப் பட்டை ஒத்துப்போகின்றன.

தட்டும்தடமும்:
அருமை. கடை மாதிரி கிறிஸ்பாதான் என்றும் இப்போதே எழுதாதே. அதற்கு கிறிஸ்பாவின் தடமும் பக்கத்தில் ஓட வேண்டும். ஆச்சி கொடியிலிருந்து ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்தாவரத் தொகுப்புக்கு, ஒரு மாதிரி வைத்தாயா?

ஆச்சிவீட்டுக்கொடி:
இன்னும் இல்லை, அக்கா. இப்போது இலையும் தண்டும்தான் இருக்கின்றன. பூ வரும்வரை கொடியை வெட்ட வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன். கடைப் பொட்டலத்தில் ‘சீந்தில்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘மாதிரி 2’ என்று மாற்றிவிட்டேன்.