தாடை மூட்டு வலிக்குப் பற்களை ராவச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

மகிழம்பூ (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது, திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஓராண்டுக்கு முன் இடது காதுக்குள் குத்துவதுபோல வலி தொடங்கியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, காதில் குறையொன்றும் இல்லை, வலி தாடை மூட்டிலிருந்து வருகிறது என்றார். வாயைத் திறக்கும்போது காதுக்கு முன்னால் 'கடக்' என்று சத்தம் கேட்கிறது. காலையில் எழும்போது கன்னமும் நெற்றிப்பொட்டும் இறுகிக் கிடக்கின்றன. தொடர்ந்து நான்கு வகுப்புகள் எடுத்த நாளில் இரவு சப்பாத்தியை மெல்லக்கூட முடிவதில்லை. முதலில் பார்த்த பல் மருத்துவர் இரவில் அணிய ஸ்பிளிண்ட் (பற்களின் மேல் கழற்றி மாட்டும் உறை) செய்து தந்தார். ஓரளவு ஆறுதல் கிடைத்தது. அடுத்துப் பார்த்தவரோ, கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், சரியில்லாததே காரணம் என்றும், எட்டுப் பற்களை ராவிக் கேப் போட்டால் நிரந்தரமாகத் தீரும் என்றும் சொல்கிறார். செலவைவிட, ராவிய பல் திரும்ப வளராது என்பதுதான் என்னைத் தடுக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொள்ளிடத்தான்:
சகோதரி, அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். பல ஆண்டுகள் எனக்கும் அந்தச் சத்தம் இருந்தது. ஒருநாள் காலை கொட்டாவி விட்டபோது சத்தம் நின்று, தாடை பூட்டிக்கொண்டது. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒன்றரை விரல்கூட நுழையவில்லை. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு முன்னால் நழுவித் திரும்ப மறுக்கிறது என்று எம்.ஆர்.ஐ. காட்டியது. ஊசி வழியாகத் திரவம் செலுத்தி மூட்டைக் கழுவும் சிகிச்சைக்குத் தேதி குறிப்பதற்கு முன், மூன்று மாதம் பிசியோதெரபி செய்து பார்க்கலாம் என்றார் என் மருத்துவர். பயிற்சியாளர் கையால் தாடையைத் தளர்த்துவதும், வீட்டில் நாளுக்கு ஐந்தாறு முறை மெதுவாகத் திறந்து மூடுவதுமாகப் போனது. தட்டு இன்றும் பழைய இடத்துக்கு வரவில்லை, ஆனால் வாய் ஏறக்குறைய முழுதாகத் திறக்கிறது, வலியும் இல்லை.

பல்லவை (பல் மருத்துவர், மதுரை):
அம்மா, உங்கள் தயக்கம் முற்றிலும் நியாயமானது. கடி கோணலாக இருப்பதால் காதும் தாடையும் வலிக்கின்றன என்ற எண்ணம், 1934இல் அமெரிக்கக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியது. வலியைப் பற்களோடு இணைத்த அந்த விளக்கம் பின்னாளில் நிலைக்கவில்லை. கடியை ராவிச் சரிசெய்வதால் இந்த வலி தீரும் என்பதற்கோ, வராமல் தடுக்கலாம் என்பதற்கோ சான்று இல்லை என்று 2003இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு கூறியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நல்ல பற்கள் இதற்காக ராவப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்காக 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், தாடைப் பயிற்சி, கையால் தசையைத் தளர்த்துதல், கழுத்து நிலையைத் திருத்தும் பயிற்சி, மன அழுத்தத்தையும் வலியையும் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றையே உறுதியாகப் பரிந்துரைக்கிறது. போட்டாக்ஸ் ஊசி, லேசர், மூட்டைக் கழுவுதல் ஆகியவற்றை அது பொதுவாக ஊக்குவிக்கவில்லை. கடியை நிரந்தரமாக மாற்றும் ஸ்பிளிண்டையும் தட்டை அகற்றும் அறுவையையும் உறுதியாக மறுக்கிறது. அதற்காக அறுவையே கூடாது என்று பொருளல்ல. மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போனவர்களுக்கும், மூட்டில் கட்டி உள்ளவர்களுக்கும் அது தேவைப்படலாம். ஆனால் திரும்பப் பெற முடியாத எதையும் முதலில் செய்யக் கூடாது. 1980களில் அமெரிக்காவில் தட்டுக்குப் பதிலாகப் பொருத்திய டெஃப்லான் செயற்கைப் பொருள் மூட்டுக்குள் துகள் துகளாகச் சிதைந்து எலும்பையே அரித்தது. 1990இல் அவை திரும்பப் பெறப்பட்டபோது பலருடைய மூட்டு பாழாகிவிட்டிருந்தது.

உங்கள் காலை நேர இறுக்கம், தூக்கத்தில் பல்லைக் கடிப்பதைக் காட்டுவதாக இருக்கலாம். பகலிலும் கவனியுங்கள்: விடைத்தாள் திருத்தும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? உதடுகள் மூடியிருக்க, பற்கள் விலகியிருக்க, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டிருப்பதே தாடையின் ஓய்வு நிலை. காலை மாலை பத்துப் பதினைந்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு முறுக்கு, கரும்பு, சூயிங் கம் வேண்டாம். வகுப்பில் சிறிய ஒலிபெருக்கி இருந்தால் குரலை உயர்த்த வேண்டியிராது. வலியில்லாத சத்தத்துக்கு மட்டும் சிகிச்சை தேவையில்லை.

வயல்வெளி:
வாய் திறக்கவில்லை என்றாலே மூட்டுதான் என்று நினைத்துவிட வேண்டாம். வெற்றிலை பாக்கும் பாக்குப் பொட்டலமும் போட்ட என் சித்தப்பாவுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி நார்போல இறுகியது. காரம் பட்டாலே எரிந்தது. அது புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய வேறு நோய் என்று பிறகுதான் தெரிந்தது.

பல்லவை:
சரியான எச்சரிக்கை. 50 வயதுக்கு மேல் மெல்லும்போது தாடை வலியோடு புதிய தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால், அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மின்சாரம் பாய்ந்ததுபோல நொடிப்பொழுது வெட்டும் வலி நரம்பைச் சேர்ந்தது.

மகிழம்பூ:
அனைவருக்கும் நன்றி. பற்களை ராவப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை பிசியோதெரபிஸ்டைப் பார்க்கிறேன். ஏற்கெனவே உள்ள ஸ்பிளிண்டைத் தொடரலாமா?

பல்லவை:
எல்லாப் பற்களையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் ஸ்பிளிண்டாக இருந்து, போட்டால் இதமாக இருந்தால், இரவில் மட்டும் தொடருங்கள். முன்பற்களை மட்டும் தாங்கும் சிறிய வகையானால், நீண்ட நாள் அணியும்போது கடி மாறிவிடக்கூடும். எதுவாயினும், காலையில் கழற்றிய பின் பற்கள் பழையபடி பொருந்தவில்லை என்று தோன்றினால், நிறுத்திவிட்டுச் செய்து தந்தவரிடமே காட்டுங்கள்.