எஃப்-150க்கு டயர் மாற்றணும்: டிரெய்லர் இழுக்க எல்.டி. டயர்தான் வேண்டுமா?

ரவுண்ட்ராக்வாசி

வணக்கம். வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், நாலு கதவு. வாரம் முழுக்க ஆபீஸுக்கும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கும் ஓடும். வருஷத்தில் ஐந்தாறு தடவை 24 அடி கேம்பிங் டிரெய்லரை இழுக்கும். இப்போது இருப்பது இரண்டாவது செட் டயர், 275/65ஆர்18, 116டி. பட்டன் தேய்ந்து 4/32 அங்குலத்துக்கு வந்துவிட்டது.

போன மாதம் மேற்கு டெக்சாஸில் ஃபோர்ட் டேவிஸ் போனோம், மெக்டொனால்ட் வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்க்க. ஐ-10இல் ஓசோனா தாண்டியதும் வால் ஆட ஆரம்பித்தது. பெரிய லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் டிரெய்லரை முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். வீட்டுக்காரம்மா ஜன்னல் மேல் கைப்பிடியைப் பிடித்தவர் ஃபோர்ட் ஸ்டாக்டன் வரை விடவில்லை.

டயர் கடையில் "10 ப்ளை, லோடு ரேஞ்ச் ஈ போடுங்கள், கவலையே வேண்டாம்" என்கிறார்கள். அதாவது அதிக பாரம் தாங்கும் எல்.டி. (லைட் டிரக்) டயர். நாலு டயருக்கும் சேர்த்து 300 டாலர் கூடுதல். போடலாமா?

காற்றில் குறை இல்லை என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: ஓசோனாவில் பெட்ரோல் போட நின்றபோது பார்த்தேன். கதவு ஸ்டிக்கரில் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), மீட்டரில் 41. சரியாக 35க்கு இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பழைய லாரிக்காரர்

தம்பி, கடைசிப் பத்தியில் நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள்.

ஸ்டிக்கரில் இருக்கும் 35 ஆறின டயருக்கு. காலையில், வெயில் ஏறும் முன், வண்டியை எடுக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு. மேற்கு டெக்சாஸ் தார் ரோட்டில், பின்னால் பாரத்தோடு ஓடி வந்த டயர் 41 காட்டுவது முறைதான். அந்த 6 பி.எஸ்.ஐ.யைப் பிடுங்கிவிட்டீர்கள். ஆறியதும் 30க்குப் பக்கத்தில் நின்றிருக்கும். அந்தக் காற்றில் சைடுவால் வளைந்து கொடுக்கும், பின்பக்கம் நெளியும், வால் ஆடாமல் என்ன செய்யும்? ஓசோனா தாண்டியதும் என்று நீங்களே சொல்கிறீர்களே.

சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது.

டென்வர் மாப்பிள்ளை

லாரிக்காரர் அண்ணன் சொல்வது சரி. டயர் வகைக்கு வருகிறேன், இதில் கடைக்காரர்கள் பாதிதான் சொல்வார்கள்.

உங்கள் டயரில் உள்ள 116 என்றால் ஒரு டயர் 2,756 பவுண்டு தாங்கும். கார் வகை டயரைப் பிக்கப்பில் போடும்போது அதை 1.10ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. சுமார் 2,505 வரும். பின் அச்சில் இரண்டு டயர், ஆக 5,000 பவுண்டு. உங்கள் பின் அச்சு அதற்குக் கிட்டே கூடப் போகாது.

இதே அளவில் எல்.டி., லோடு ரேஞ்ச் ஈ எடுத்தால் 3,415 பவுண்டு. ஆனால் அது 80 பி.எஸ்.ஐ. அடித்தால்தான். சைடுவால் தடிப்பு, பாறாங்கல் மாதிரி இருக்கும். அதில் பழைய பழக்கத்தில் 35 அடித்துக்கொண்டு ஓடினால் இப்போது இருக்கும் டயரை விடக் குறைவாகத்தான் தாங்கும். கூடுதல் காசு கொடுத்து இறங்கிப் போன கதை. எல்.டி. போட்டால் அந்த டயருக்கான பாரப் பட்டியலைப் பார்த்துத்தான் காற்று வைக்க வேண்டும், கதவு ஸ்டிக்கரைப் பார்த்து அல்ல.

கல்ரோடு

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நான் மூன்று வருஷமாக ஈ ரேஞ்ச்தான் ஓட்டுகிறேன். ஜல்லி ரோட்டில் அடிக்கடி போவேன், முன்பு வருஷம் இரண்டு பஞ்சர், இப்போது ஒன்றும் இல்லை. வண்டி கொஞ்சம் குதிக்கும், பெட்ரோலும் கூடக் குடிக்கும், உண்மை. காட்டுப் பாதை இருந்தால் எல்.டி. வீண் செலவு இல்லை. இடைவழி வேண்டுமென்றால் லோடு ரேஞ்ச் சி: 50 பி.எஸ்.ஐ.யில் 2,535 பவுண்டு. எதைப் போட்டாலும் ஸ்டெப்னியையும் கணக்கில் வையுங்கள். நாலும் எல்.டி., ஸ்டெப்னி மட்டும் பழசு என்றால் நடுவழியில் மாட்டும்போது தெரியும்.

பழைய லாரிக்காரர்

எல்லாரும் பிக்கப்பையே பார்க்கிறோம். தம்பி, டிரெய்லர் டயர் எந்த வருஷத்தது? சைடுவாலில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு எண்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்கணும். அப்படியே ஒரு லாரி நிறுத்தத்தில் எடைமேடையிலும் ஏற்றிவிடுங்கள்.

ரவுண்ட்ராக்வாசி

படுத்தேன், சட்டை போச்சு. நாலிலும் 2317. அதாவது 2017, 23ஆவது வாரம். டிரெய்லரோடு வந்த அதே டயர். பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது, அதை நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தால் பட்டனுக்கும் சைடுவாலுக்கும் நடுவில் முடி போல வெடிப்பு வட்டமாக ஓடுகிறது. ஒன்றில் நகம் நுழைகிறது. சைடுவாலில் 50 பி.எஸ்.ஐ. என்று இருக்க, ஒன்றில் 38தான் இருந்தது.

எடை: தண்ணீர், சாமான், நாங்கள் நாலு பேர் எல்லாம் சேர்த்து முன் அச்சு 3,040, பின் அச்சு 3,820, டிரெய்லர் அச்சுகள் 5,360. டிரெய்லரைக் கழற்றிவிட்டால் பிக்கப் மட்டும் 6,100. ஆக ஹிட்ச்சில் (டிரெய்லரை மாட்டும் கொக்கியில்) இறங்குவது 760.

டென்வர் மாப்பிள்ளை

டிரெய்லர் மொத்தம் 6,120, ஹிட்ச்சில் 760, அதாவது 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 10இலிருந்து 15க்குள் இருக்க வேண்டும், அது சரியாக இருக்கிறது. பின் அச்சில் 3,820க்கு 5,000 தாங்கும் டயர். உங்களுக்கு ஈ தேவையே இல்லை. முதல் செலவு டிரெய்லர் டயருக்கு. இன்னொன்று, எவ்வளவு வேகத்தில் போனீர்கள்? டிரெய்லர் டயரில் எவ்வளவு வேகம் தாங்கும் என்று சொல்லும் வேக எழுத்து இல்லையென்றால் 65 மைலுக்கு மேல் நம்பக்கூடாது. ஐ-10இல் அங்கே 80 என்று பலகை இருக்கும், அது டிரெய்லருக்குச் சொன்னதல்ல.

ரவுண்ட்ராக்வாசி

75இல் போனேன். ஒப்புக்கொள்கிறேன்.

டிரெய்லருக்கு நாலும் புதுசு போட்டாச்சு, வேக எழுத்து உள்ளதாகப் பார்த்து. பிக்கப்புக்கு அதே 275/65ஆர்18, 116டி. டிரெய்லர் கட்டும் அன்று மட்டும் காலையிலேயே பின் இரண்டுக்கும் 40 வைக்கிறேன், சைடுவாலில் உச்சம் 44 என்று இருக்கிறது. போன சனிக்கிழமை இங்க்ஸ் லேக் வரை 62-63இல் போய் வந்தோம். லாரி கடக்கும்போது ஒரு தள்ளு தள்ளுகிறது, அதோடு நிற்கிறது. வீட்டுக்காரம்மா பர்னெட் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

பழைய லாரிக்காரர்

நல்லது தம்பி. 50 மைல் ஓடியதும் டிரெய்லர் நட்டை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், புது டயர் மாட்டியிருக்கிறார்கள்.