ஆல்வின்னர் எச்3: ஈ.எச்.சி.ஐ-ஐ நிப்பாட்டினால் ஓ.எச்.சி.ஐ-யும் எழும்புதில்லை

வலிகாமம்_லொகர்:
வணக்கம் அண்ணைமார். சுன்னாகப் பக்கம் தோட்டக் கிணறு ஒண்டில உப்புத்தன்மை அளந்து பதியிற பெட்டி ஒண்டு செய்யிறன். போர்டில இருக்கிறது ஆல்வின்னர் எச்3 சிப், மெயின்லைன் (அசல் கேர்னல்) லினக்ஸ், கரண்ட் சோலார் பற்றரியில இருந்து. சென்சர் சி.எச்.340 யூ.எஸ்.பி-சீரியல் வயரால வருது.

அந்த வயர் ஃபுல் ஸ்பீட், 12 மெகாபிட்தான். அந்த வேகத்துக்கு ஓ.எச்.சி.ஐ எண்ட யூ.எஸ்.பி கொன்ட்ரோலர் காணும். 480 மெகாபிட்டுக்கு இருக்கிற ஈ.எச்.சி.ஐ கொன்ட்ரோலர் சும்மா ஏன் கரண்டைத் தின்னவேணும் எண்டு டிவைஸ் ட்ரீயில (என்னென்ன வன்பொருள் இருக்கு எண்டு கேர்னலுக்குச் சொல்லுற கோப்பு) அதின்ர நோட்டை, எண்டால் அதுக்குரிய பகுதியை, டிசேபிள் பண்ணினன். அதோட ஓ.எச்.சி.ஐ-யும் படுத்திட்டுது. திருப்பி எனேபிள் பண்ணினால் ரெண்டும் வடிவா ஓடுது. ஓ.எச்.சி.ஐ நோட் என்ர கையால எழுதினது: அதின்ர பஸ் கிளொக், அதின்ர யூ.எஸ்.பி கிளொக், அதின்ர ரீசெற். வேற என்ன வேணும்?

கொக்குவில்_சோல்டர்:
5 வோல்ட் லைனில மீற்றர் வச்சுப் பாத்தனீங்களோ? சோலார் பெட்டியில வாற வருத்தம் முக்காவாசி அதுதான்.

வலிகாமம்_லொகர்:
பாத்தன் அண்ணை, இறங்கேல்லை. அதே வயர், அதே பற்றரி. ஈ.எச்.சி.ஐ நோட்டை மட்டும் மாத்தினால் ஓடுது, நிக்குது.

நெல்லியடி_கேர்னல்:
அப்ப கரண்டை விடுங்கோ. இது எச்3-இன்ர குணம். ஒரு யூ.எஸ்.பி போர்ட்டுக்குப் பின்னால இருக்கிற ஈ.எச்.சி.ஐ-யும் ஓ.எச்.சி.ஐ-யும் சோடி. ரீசெற் கோட்டைப் பிடிச்சபடி இருந்தால் அந்தப் பகுதி வேலை செய்யாது; சோடியில ஒண்டின்ர ரீசெற் இன்னும் பிடிச்சபடி இருந்தால் மற்றது இனிஷியலைஸ் ஆகாது. இவ்வளவு நாளும் உங்கட ஓ.எச்.சி.ஐ எழும்பினது ஈ.எச்.சி.ஐ டிரைவரின்ர புண்ணியத்தில. அதின்ர நோட்டில ரெண்டு ரீசெற்றும் எழுதிக் கிடக்கும், அது தனக்காகத் திறக்கேக்க உங்களுக்கும் சேத்துத் திறந்துது. நீங்கள் அந்த நோட்டை மூடினதோட திறக்க ஆள் இல்லை.

ஓ.எச்.சி.ஐ நோட்டில இப்பிடிப் போடுங்கோ. கிளொக் மூண்டு: ஈ.எச்.சி.ஐ பஸ் கிளொக், ஓ.எச்.சி.ஐ பஸ் கிளொக், ஓ.எச்.சி.ஐ-க்கான யூ.எஸ்.பி கிளொக். ரீசெற் ரெண்டு: ஈ.எச்.சி.ஐ, ஓ.எச்.சி.ஐ. மெயின்லைனின்ர எச்3 கோப்பைத் திறந்து பாத்தால் அப்பிடியேதான் கிடக்கு. கையால எழுதாமல் அதிலயிருந்து எடுத்திருக்கலாம். போர்ட் இலக்கத்தைக் கவனியுங்கோ. ஒண்டாம் போர்ட் ஓ.எச்.சி.ஐ-க்கு ரெண்டாம் போர்ட் ஈ.எச்.சி.ஐ-யின்ர ரீசெற்றைக் குடுத்திட்டு மண்டையைப் பிய்ச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன்.

ஒரே கிளொக்கை ரெண்டு நோட்டில எழுதினால் அடிபடாதோ எண்டு யோசிப்பியள். அடிபடாது. கிளொக் பிரேம்வேர்க் எத்தினை பேர் எனேபிள் பண்ணியிருக்கினம் எண்டு எண்ணி வச்சிருக்கும். பகிர்ந்த ரீசெற்றுக்கும் அதே கணக்குத்தான், லினக்ஸில அது 2016-இல வந்தது. பங்குக் கிணத்து மோட்டர் மாதிரி: கடைசிப் பங்காளி இறைச்சு முடிக்குமட்டும் சுவிச் நூராது.

வலிகாமம்_லொகர்:
அண்ணை, ஓடுது! ஈ.எச்.சி.ஐ டிசேபிளாக் கிடக்க சி.எச்.340 வந்திட்டுது. கேர்னல் தன்ர கிளொக் கணக்கைக் காட்டுற டிபக்எஃப்எஸ் கிளொக் சமரியில ஈ.எச்.சி.ஐ பஸ் கிளொக்கின்ர எண்ணிக்கை 1. ஈ.எச்.சி.ஐ-ஐயும் எனேபிள் பண்ணினால் 2 காட்டுது.

மானிப்பாய்_போர்ட்:
இடையில புகுறன், குறை நினைக்காதேங்கோ. எங்கட போர்டும் எச்3 தான், ஆனால் ஓ.எச்.சி.ஐ-க்குச் சொந்தமா எழுதின டிரைவர். நீங்கள் சொன்னபடி ரெண்டு நோட்டிலயும் ரெண்டு ரீசெற்றையும் போட்டன். இப்ப எங்கட டிரைவர் மைனஸ் 16 எண்டு விழுந்து போகுது.

நெல்லியடி_கேர்னல்:
மைனஸ் 16 எண்டால் 'பிஸி' (busy), வேற ஆள் பிடிச்சிருக்கு எண்ட பிழைக் குறி. உங்கட டிரைவர் ரீசெற்றை எக்ஸ்குளூசிவ் (தனக்கு மட்டும்) எண்டு கேக்குது. ஈ.எச்.சி.ஐ அதை ஷெயார்ட் (பகிர்ந்தது) எண்டு முதலே எடுத்திட்டுது, அதால கேர்னல் உங்களுக்கு மாட்டன் எண்டுது. நீங்களும் ஷெயார்ட் வகையில, ரெண்டையும் சேத்து அரேயா எடுங்கோ. மெயின்லைனின்ர ஓ.எச்.சி.ஐ பிளாட்போர்ம் டிரைவர் செய்யிறது அதுதான்.

அதோட ஒரு விசயம். ஷெயார்ட் எண்டு எடுத்தால் புரோப்பில (டிரைவர் தொடங்கேக்க) டீஅசெர்ட், எண்டால் ரீசெற்றை விடுறது; வெளிக்கிடேக்க அசெர்ட், எண்டால் பிடிக்கிறது; அவ்வளவுதான். நடுவில கொன்ட்ரோலர் தொங்கினால் ரீசெற்றை ஒருக்கா அடிச்சு எழுப்பலாம் எண்டு நம்பி எழுதாதேங்கோ. மற்றவர் பிடிச்சிருக்குமட்டும் உங்கட அசெர்ட் எண்ணிக்கையை மட்டும் குறைக்கும், சிப்புக்கு ஒண்டும் போகாது. தொங்கினதை எழுப்ப ஓ.எச்.சி.ஐ-யின்ர சொந்த ரெஜிஸ்டரில சொஃப்ட் ரீசெற் பிட் இருக்கு, அதைப் பாவியுங்கோ.

கொக்குவில்_சோல்டர்:
லினக்ஸ் இல்லாமல் வெறும் இரும்பில எழுதிறவை இந்த எண்ணிக்கையைத் தாங்களே வச்சிருக்கவேணும், என்ன? இல்லாட்டி ஒருத்தர் மூடேக்க மற்றவரும் போயிடுவர்.

நெல்லியடி_கேர்னல்:
ஓம். சோடிக்கு ஒரு கவுண்டர் காணும்.

தம்பி லொகர், உங்கட பற்றரிக் கதைக்கு வாறன். ஈ.எச்.சி.ஐ-யின்ர பஸ் கிளொக் எப்பிடியும் திறந்துதான் இருக்கப்போகுது, அதால அந்த நோட்டை மூடி நீங்கள் பெரிசா ஒண்டும் மிச்சம் பிடிக்கேலாது. எச்3-இல நாலு கோர் இருக்கு. கிணத்தில உப்பு அளக்க ஒண்டு காணும். மற்ற மூண்டையும் ஓஃப்லைன் ஆக்குங்கோ, எச்.டி.எம்.ஐ-ஐயும் மூடுங்கோ. ஈ.எச்.சி.ஐ-ஐத் திறந்தே விட்டால் பிறகு பென் டிரைவ் குத்தி டேட்டா எடுக்கவும் சுகம்.

வலிகாமம்_லொகர்:
பென் டிரைவை நான் யோசிக்கேல்லை அண்ணை. ஈ.எச்.சி.ஐ-ஐத் திறந்தே விடுறன், கோரைக் குறைச்சுப்போட்டு மீற்றரில பாத்துச் சொல்லுறன்.

மானிப்பாய்_போர்ட்:
ஷெயார்ட் ஆக்கினன், மைனஸ் 16 இப்ப வாறதில்லை. நன்றி.