கிரெஸ்டட் கெக்கோ (வீட்டுல வளர்க்கிற பல்லி): உங்களைக் குழப்பின மார்ஃப் (நிற வகை) எது?

சாட்ஸ்வொர்த்_பல்லி
டப்பா மேல "ரெட் ஹார்லிகுவின்"னு எழுதி வித்தாங்க. வீட்டுல திறந்தா காய்ஞ்ச வாழைச்சருகு நிறம். "இதுக்கா இவ்வளவு ராண்ட்? நம்ம சுவத்துல ஓடுறது இலவசம்டா"ன்னாங்க அம்மா. ரெண்டு வாரம் அதே நிறம்தான். அப்புறம் ஒரு லோட்ஷெடிங் (கரண்ட் கட்) ராத்திரி, ஃபோன் டார்ச்சை அடிச்சா கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிக்குது. உடம்பு முழுக்கச் செங்கல் சிவப்பு, விலாவுல கிரீம் நிறம் மேல மேல ஏறுது. அம்மா எட்டிப் பாத்துட்டு, "வேற பல்லி மாத்திக் குடுத்தாங்களா?" விடிஞ்சா மறுபடி சருகு. எந்த நிறத்தை வெச்சுப் பேர் சொல்றது?

மாரிட்ஸ்பர்க்_மாலா
ராத்திரி நிறம்தான் கணக்கு தம்பி. பகல்ல தூங்கும்போது மங்கிடும், இருட்டினா நிறம் தூக்கலாகும், அதைத்தான் "ஃபயர் அப்"னு சொல்றது. ஆனா சிவப்பு இருந்தா மட்டும் ஹார்லிகுவின் ஆகாது, காலைப் பாருங்க. முதுகுல கிரீம், விலாவுல கொஞ்சம், கால்ல ஒண்ணுமில்லன்னா அது ஃபிளேம். கால் வரைக்கும் கிரீம் இறங்கினாதான் ஹார்லிகுவின்.

டோங்காட்_குமார்
கால் மட்டும் போதும்னு சொல்றதை நான் ஒத்துக்கல அக்கா. குட்டியில கால் வெறுமையா இருந்து, வளந்தப்புறம் திட்டு வந்த பல்லி என்கிட்டயே இருக்கு. 1994-ல நியூ கலிடோனியாவுல திரும்பக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அழிஞ்சுபோச்சுன்னு நினைச்ச இனம் இது. மார்ஃப் பேரெல்லாம் அதுக்கப்புறம் வளர்க்கிறவங்க வெச்சது. ஃபிளேம் எங்க முடியுது, ஹார்லிகுவின் எங்க ஆரம்பிக்குதுன்னு யாரும் கோடு போட்டு வைக்கல. பின்ஸ்ட்ரைப் ஒண்ணுதான் எனக்குச் சண்டையில்லாத பேர்: முதுகோட ரெண்டு ஓரத்துலயும் தூக்கலா நிக்கிற செதில் வரிசை கிரீமா இருக்கணும், அவ்வளவுதான்.

ஃபீனிக்ஸ்_செல்வி
என் கதை சின்னது. மஞ்சளா, ஒரு புள்ளிகூட இல்லாம வந்த குட்டி. வளர வளரக் கறுப்புப் புள்ளி போட ஆரம்பிச்சது. எங்க ஆயா பாத்துட்டு, "ஐயோ, அம்மை போட்டிருக்கு!"ன்னு கூண்டுக்கு மேல வேப்பிலை சொருகி, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனுக்கு நேர்ந்தும் விட்டாங்க. அது டால்மேஷன்ங்கிற புள்ளி மார்ஃப்னு இன்னைக்கு வரைக்கும் அவங்க நம்பல. புள்ளியும் குறையல, ஆயாவுக்குக் கோவம் அம்மன் மேல.

கேட்காமலே ஒண்ணு சொல்றேன். லில்லி ஒயிட்னு (வெள்ளை தூக்கலா இருக்கிற மார்ஃப்) விலை ஏத்திச் சொன்னா தாய் தகப்பன் படத்தைக் கேளுங்க. அது ஒரு மரபணுக் குணம், பெத்ததுல ஒண்ணாவது லில்லி ஒயிட்டா இருந்தாதான் குட்டிக்கு வரும். ரெண்டு லில்லி ஒயிட்டை ஜோடி சேர்க்காதீங்க. ரெண்டு பக்கமும் அந்த மரபணு வாங்கின முட்டை தேறாது, சராசரியா நாலுல ஒண்ணு அப்படித்தான் போகும். ஆக்சாந்திக் வேற மாதிரி. மஞ்சளும் சிவப்பும் இல்லாம சாம்பலா இருக்கும், ரெண்டு பக்கத்துலயும் இருந்து வந்தாதான் வெளிய தெரியும். அப்புறம் டர்பன் பிப்ரவரி வெயில்ல கூண்டு 28 டிகிரி தாண்டாம பாத்துக்குங்க. நிறம் பாக்கணும்னு பிடிச்சு அமுக்காதீங்க, வாலை உதறிடும். மத்த பல்லி மாதிரி இதுக்குத் திரும்ப முளைக்காது.

சாட்ஸ்வொர்த்_பல்லி
மாலாக்கா, இப்பதான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். முன்னங்கால்ல கிரீம் இருக்கு, பின்னங்கால்ல இல்ல. இதுக்கு என்ன பேர்?

டோங்காட்_குமார்
😂 அக்கா, சொல்லுங்க.